வேலைநிறுத்தமா, சமரசமா, தீர்ப்பாயமா? ஓர் ஆலைச் சங்கத்தின் முன் உள்ள வழிகள்

ஊதிய ஒப்பந்தத்தின் காலம் முடிந்து மாதங்கள் ஓடிவிட்டன. புதிய கோரிக்கைப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்ட நிர்வாகம், "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்பதைத் தாண்டி வாய் திறக்கவில்லை. சங்கத்தின் பொதுக்குழு கூடுகிறது. இளைஞர்கள் நாளைக்கே வெளியே வருவோம் என்கிறார்கள். ஒரு ஷிஃப்ட் உட்கார்ந்ததற்கே நிர்வாகம் இறங்கிவந்த காலத்தை மூத்தவர்கள் நினைவூட்டுகிறார்கள். தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய்வந்து பழகிய ஒருவர், முதலில் மனுப் போடுவோம் என்கிறார். திருப்பெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவை என எந்தத் தொழிற்பகுதியில் எந்தச் சங்கம் கூடினாலும் இந்த மூன்று குரல்களும் எழும்.

மூன்றும் முன்பு ஏதோ ஓர் ஆலையில் பலித்த வழிகள்தாம். ஆனால் 2025 நவம்பர் 21-க்குப் பிறகு இவற்றின் விலை மாறிவிட்டது. அன்றுதான் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்து, 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் விடைபெற்றது. தனியார் ஆலையில் நிரந்தரத் தொழிலாளர்களைக் கொண்ட ஒரு சங்கம் எந்த வழியில் எவ்வளவு பெறும், எவ்வளவு இழக்கும் என்பதுதான் இங்கே கணக்கு. அரசு ஊழியர்களின் நிலை வேறு. அதையும் இடையில் தொட்டுப் போகிறேன்.

உரிமை எதுவரை?

"வேலைநிறுத்தம் எங்கள் அடிப்படை உரிமை" என்று தட்டி எழுதி வைப்பதில் தவறில்லை. நீதிமன்றத்தில் அந்த வாசகம் நிற்காது. சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவு தருகிறது. சங்கம் அமைக்கும் உரிமைக்குள் வேலைநிறுத்தம் செய்யும் உரிமையும் அடங்கிவிடாது என்று 1961-இலேயே வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறு ஆண்டு காமேஷ்வர் பிரசாத் வழக்கில், பிகார் அரசு ஊழியர்கள் ஆர்ப்பாட்டம் நடத்தக் கூடாது என்ற விதி செல்லாது, வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்பது செல்லும் என்று பிரித்துக் காட்டியது.

அதற்காக வேலைநிறுத்தமே குற்றம் என்றாகிவிடாது. அடிப்படை உரிமை இல்லை என்றால் சட்ட உரிமையும் இல்லை என்று பொருளில்லை. எப்போது வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்று பட்டியல் போடும் சட்டம், அந்தப் பட்டியலுக்கு வெளியே செய்யலாம் என்பதை ஒப்புக்கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. குறை தீர்த்துக்கொள்ளச் சட்டம் ஏற்றுக்கொண்ட ஒரு வழி அது என்று 1989-இல் பி.ஆர். சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நிர்வாகத்தின் வழக்கறிஞர்கள் தவறாமல் எடுத்து வீசும் தீர்ப்பு 2003-இல் வந்த டி.கே. ரங்கராஜன் வழக்கு. அந்த ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் தமிழ்நாடு அரசு, டெஸ்மா என்ற அத்தியாவசியச் சேவைகள் பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டு ஒரே வீச்சில் வேலையிலிருந்து நீக்கியது. பெரும்பாலோரைத் திரும்பச் சேர்க்க உச்ச நீதிமன்றத்தில் அரசு ஒப்புக்கொண்டது. ஆனால் அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்று தீர்ப்பு போகிற போக்கில் அடித்துச் சொன்னது. வழக்குக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அதிகம் பேசிய தீர்ப்பு அது என்பது என் கருத்து. எப்படியிருந்தாலும், நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்ட அரசு ஊழியர்களைப் பற்றி எழுந்த வழக்கு அது. குளிர்பதனப் பெட்டி செய்யும் ஆலைக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால், உங்கள் வழக்கறிஞர் இந்த வேறுபாட்டை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.

சென்னைக்கு இந்தப் பிரச்சினை புதிதும் அல்ல. 1918-இல் பெரம்பூரில் பி.பி. வாடியாவும் தோழர்களும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று பின்னி ஆலை நிர்வாகம் 1920-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அவர்கள்மீது வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்துவதே ஒப்பந்த மீறலைத் தூண்டும் செயலாகக் கருதப்பட்ட நிலை அது. அதன்பின் எழுந்த கோரிக்கைதான் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது. பதிவு பெற்ற சங்கத்துக்கும் பொறுப்பாளர்களுக்கும் அப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து அந்தச் சட்டம் காப்புத் தந்தது.

மூத்தவர்களின் அனுபவம் ஏன் இப்போது உதவாது

பழைய சட்டத்தில் இரண்டு வரிசை இருந்தது. போக்குவரத்து, மின்சாரம், குடிநீர் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவை என்றால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், 14 நாள் பொறுக்க வேண்டும், இரு தரப்பையும் அழைத்துப் பேசவைக்கும் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் பேச்சு நடக்கும்வரை வெளியே வரக் கூடாது. சாதாரணத் தனியார் ஆலைக்கு இந்தக் கட்டுகள் இல்லை. தொழில் தகராறுகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையில் இல்லை, நடப்பிலுள்ள ஒப்பந்தத்தில் அடங்கிய விஷயமும் இல்லை என்றால், முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தமும் பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டதே. "உட்கார்ந்தோம், பேச வந்தார்கள்" என்று மூத்தவர்கள் சொல்வது அந்தக் காலத்தை.

புதிய தொகுப்பு அந்த இரண்டு வரிசையை ஒன்றாக்கிவிட்டது. இப்போது எந்தத் தொழில் நிறுவனமானாலும் நோட்டீஸ் கட்டாயம். நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் வெளியே வரக் கூடாது. அந்த நோட்டீஸுக்கு ஆயுள் 60 நாள்தான். சமரசப் பேச்சு நடக்கும் காலமும் அது முடிந்த 7 நாளும் தடை. தீர்ப்பாயத்தில் வழக்கு நடக்கும் காலமும் அது முடிந்த 60 நாளும் தடை. ஒப்பந்தமோ தீர்ப்போ நடப்பில் இருந்தால், அதில் அடங்கிய விஷயங்களுக்காக வெளியே வரத் தடை.

கடைசியாகச் சொன்னதில் ஒரு குழி இருக்கிறது. அனுபவசாலிகளே அதில் விழுகிறார்கள். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் போட்ட தேதி முடிந்ததும் ஒப்பந்தம் தானாகச் செத்துவிடுவதில்லை. அதை முடித்துக்கொள்கிறோம் என்று ஒரு தரப்பு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 60 நாள் கழியும்வரை அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். பழைய சட்டத்தில் இதுவே இரண்டு மாதம். கோரிக்கைப் பட்டியல் கொடுத்துவிட்டோமே என்று இருந்துவிட்டு, முடிப்பு நோட்டீஸைக் கொடுக்க மறந்த சங்கம், ஊதியத்துக்காக எந்தத் தேதியில் வெளியே வந்தாலும் அது சட்டவிரோதம்தான்.

நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முடிப்பு நோட்டீஸ் வேலை முறையாக முடிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஜனவரி 2-ஆம் தேதி வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுக்கிறீர்கள். 16-ஆம் தேதிவரை எப்படியும் அசையக் கூடாது. நோட்டீஸ் வந்தாலே சமரச அலுவலர் பேச்சைத் தொடங்கியாக வேண்டும். அவர் 9-ஆம் தேதி இரு தரப்பையும் அழைக்கிறார். அந்த முதல் அமர்வு நடந்த நாளிலிருந்து சமரசம் தொடங்கியதாகக் கணக்கு. நோட்டீஸின் பேரில் நடக்கும் சமரசத்துக்கு 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது விதி. 23-ஆம் தேதி தோல்வி அறிக்கை வந்துவிட்டது என்று வையுங்கள். அதன்மேல் 7 நாள். ஜனவரி 31-இலிருந்து வழி திறக்கிறது. மார்ச் முதல் வாரத்தில் நோட்டீஸ் காலாவதி. ஆக, கையில் ஏறத்தாழ ஒரு மாதம்.

அந்த ஒரு மாதமும் உங்கள் கையில் இல்லை. தோல்வி அறிக்கை வந்ததும் எந்தத் தரப்பும் 90 நாளுக்குள் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முன்பு அரசு பரிந்துரைத்தால்தான் வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போகும். இப்போது அந்தக் கதவு இரு தரப்புக்கும் திறந்திருக்கிறது. நிர்வாகம் ஜனவரி 24 அன்றே ஒரு மனுவைத் தாக்கல் செய்துவிட்டால் வழக்கு நிலுவை, வேலைநிறுத்தத்துக்குப் பூட்டு. இதுபோக, 14 நாள் கெடு தாண்டிப் பேச்சு இழுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? கெடு முடிந்ததாலேயே சமரசம் முடிந்துவிடாது என்று 1959-இல் பம்பாய் பஸ் நிறுவனம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின்கீழ் சொன்னது. அன்று அது வேலைநீக்கப்பட்ட தொழிலாளிக்குச் சாதகமாக அமைந்த தீர்ப்பு. அதே வாதத்தை இன்று நிர்வாகம் எடுத்தால் உங்கள் நோட்டீஸின் 60 நாளும் அலுவலகத்தின் நடைக்கூடத்திலேயே கரைந்துவிடும்.

சட்டப்படியான வேலைநிறுத்தம் இன்று இருக்கிறதா என்றால் இருக்கிறது; ஆனால் அதன் சாவி எதிர்த்தரப்பிடமும் ஒன்று இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்ற வழிகளை எடைபோட வேண்டும்.

காலவரையற்ற வேலைநிறுத்தம்

அழுத்தத்தில் இதற்கு இணை இல்லை. உற்பத்தி நின்றால்தான் பல நிர்வாகங்களுக்குக் காது கேட்கிறது. விலை என்ன?

முதல் விலை கூலி. வேலைநிறுத்தம் சட்டத்துக்கு உட்பட்டது, நியாயமானது என்று இரண்டும் நிரூபணமானால்தான் அந்நாட்களுக்குச் சம்பளம் கேட்க முடியும் என்று 1994-இல் சிண்டிகேட் வங்கி வழக்கில் அரசியலமைப்பு அமர்வு முடிவுசெய்துவிட்டது. அந்த நிரூபணம் வருவதற்குள் பிள்ளைகள் படிப்பை முடித்திருப்பார்கள். எனவே வெளியே வரும் நாள்களுக்குச் சம்பளம் இல்லை என்று வைத்துக்கொண்டே வீட்டுக் கணக்கைப் போடுங்கள்.

இரண்டாவது, சட்டவிரோதம் என்றானால் வரும் தண்டனை. பழைய சட்டத்தில் தொழிலாளிக்கு அபராதம் 50 ரூபாய்தான். யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. இப்போது 1,000 முதல் 10,000 ரூபாய்வரை, அல்லது ஒரு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். தூண்டியவர்களுக்கு அபராதம் 10,000 முதல் 50,000 ரூபாய்வரை. சங்கப் பொறுப்பாளர் என்றால் இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும். சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குப் பண உதவி செய்வதற்கும் தடை இருப்பதால், பக்கத்து ஆலைச் சங்கங்களிடம் வசூலிக்கும் நிதியும் சிக்கலுக்குள் வரும்.

ஆனால் உண்மையான அடி நீதிமன்றத்திலிருந்து வருவதில்லை. ஆலையின் பணி விதிகளான நிலையாணைகளிலிருந்து வருகிறது. சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்வது அங்கே ஒழுங்கீனம். குற்றச்சாட்டுக் குறிப்பாணை, சஸ்பெண்ட், உள்விசாரணை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். சஸ்பெண்டில் இருக்கும் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம்தான் பிழைப்பூதியம். அதற்கு மேல் விசாரணை இழுத்தால், அது தொழிலாளியின் தவறால் இல்லையென்றால், முக்கால் பங்கு. நிர்வாகம் ஆயிரம் பேரை நீக்காது. பத்துப் பதினைந்து பேரைப் பொறுக்கி எடுக்கும். யாரை எடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சிறிய நேர நிறுத்தம் பெரிய இழப்பாக முடிந்ததற்குப் பழைய சான்று ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. 1948 நவம்பர் 1 அன்று சூரிய கிரகணம். அன்று முற்பகலை விடுமுறையாக அறிவிக்கும்படி பின்னி ஆலைத் தொழிலாளர்கள் கேட்டார்கள், நிர்வாகம் மறுத்தது. இரவு ஷிஃப்டில் நூற்புப் பகுதித் தொழிலாளர்கள் சில மணி நேரம் வேலையை நிறுத்தினார்கள், பிறகு திரும்பிவிட்டார்கள். அவ்வளவுதான். நூற்பாலைத் தொழில் அப்போது பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அறிவிக்கப்பட்டிருந்ததால் நோட்டீஸ் இல்லாத அந்தச் சில மணி நேரம் சட்டவிரோத வேலைநிறுத்தம் ஆனது, பணித்தொடர்ச்சி அறுந்தது, சம்பளத்துடன் கூடிய விடுமுறை பறிபோனது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் நிர்வாகம் வென்றது. அன்று அறிவிக்கப்பட்ட சில தொழில்களுக்கு மட்டும் இருந்த அந்த ஆபத்து இன்று எல்லா ஆலைக்கும் வந்துவிட்டது.

அப்படியானால் வெளியே வந்தவர்கள் வென்றதே இல்லையா? சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையைப் பாருங்கள். 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. சங்கத்தைப் பதிவுசெய்ய வேண்டும், அங்கீகரிக்க வேண்டும் என்பதே மையக் கோரிக்கை. ஊர்வலம் போனவர்களைக் காவல்துறை பிடித்தது, பந்தலைப் பிரித்தது. அக்டோபர் நடுவில் அரசு தலையிட்டுப் பேச்சில் முடிந்தபோது சங்கப் பதிவு கையில் இல்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போனபிறகு 2025 ஜனவரியில்தான் பதிவு வந்தது. சில வாரங்களில் சஸ்பெண்டுகளை எதிர்த்து மறுபடி உள்ளிருப்பு. மே மாதத்தில் ஊதிய ஒப்பந்தம். வேலைநிறுத்தம் தனியாக எதையும் வாங்கித் தரவில்லை, ஆனால் அது இல்லாமல் மற்ற எதுவும் நகர்ந்திருக்காது என்பதே இதில் எனக்குத் தெரியும் பாடம். அது பழைய சட்டத்தின்கீழ் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு நாள் அடையாளம்

ஒரு நாள்தானே என்று பலர் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நாளுக்கும் அதே நோட்டீஸ், அதே 14 நாள், அதே சமரசத் தடை. போதாக்குறைக்கு ஊதியச் சட்டத்தில் ஒரு பழைய வரி, 2019-இன் ஊதியத் தொகுப்பிலும் தொடர்கிறது: பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, முறையான முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வேலைக்கு வராவிட்டால், வேலை ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கும் பட்சத்தில், எட்டு நாள் சம்பளம்வரை பிடிக்கலாம். ஒரு நாள் கோபத்துக்கு ஒன்பது நாள் கூலி.

எல்லாரும் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுப்பது என்ற உத்தியும் அடைபட்டுவிட்டது. 50 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே என்று புதிய வரையறை சொல்கிறது. 49 விழுக்காட்டில் நிறுத்திக்கொள்வோம் என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். பேசி வைத்துக்கொண்டு வேலை செய்ய மறுப்பது வேலைநிறுத்தம் என்ற பழைய வரையறை அப்படியேதான் இருக்கிறது. அதில் விழுக்காடு எதுவும் இல்லை.

அடையாள வேலைநிறுத்தத்துக்குப் பயன் உண்டா? நாடு தழுவிய பொது வேலைநிறுத்தத்தில் சேர்வதற்கு உண்டு. தனி ஆலையின் ஊதியப் பிரச்சினைக்கு, விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

உள்ளே இருந்துகொண்டே எதிர்ப்பது

இதில் மெதுவாக வேலை செய்வதை எவருக்கும் நான் சொல்ல மாட்டேன். கேட்க நன்றாக இருக்கும்: சம்பளமும் வரும், உற்பத்தியும் விழும். அந்தக் காரணத்தாலேயே நீதிமன்றங்கள் வேலைநிறுத்தத்தைவிட இதைக் கடுமையாகப் பார்க்கின்றன. 1961-இல் பாரத் சர்க்கரை ஆலை வழக்கில், முழுக் கூலியை வாங்கிக்கொண்டே உற்பத்தியைத் தடுப்பது நேர்மையற்றது என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகவே கண்டித்தது. சட்டத்தில் இது தொழிலாளர் தரப்பின் நியாயமற்ற தொழில் நடைமுறை. இன்று ஒவ்வொரு இயந்திரமும் நொடிக்கு நொடி எண்ணிக்கை பதிகிறது. யார் எத்தனை மணிக்கு எத்தனை உருப்படியை விட்டார் என்று பெயரோடு அச்செடுத்துக் குறிப்பாணையில் இணைத்துவிடுவார்கள். வெளியே வந்தால் ஆயிரம் பேர் ஒன்றாக நிற்கலாம். உள்ளே மெதுவாகச் செய்தால் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சிக்குவார்கள்.

விதிப்படி வேலை அப்படியல்ல. கூடுதல் நேர வேலைக்குச் சம்மதிக்காமல் இருப்பது, பாதுகாப்பு விதிப்படி மட்டும் இயந்திரத்தைத் தொடுவது ஆகியவற்றில் சட்டப்படி கையை வைப்பது நிர்வாகத்துக்குக் கடினம். ஆனால் கூடுதல் நேரத்தைக் கூட்டாக மறுப்பதைச் சில இடங்களில் வேலைநிறுத்தமாகவே காட்ட முயல்வார்கள். நிலையாணையும் ஒப்பந்தமும் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

உள்ளிருப்பு வேலைநிறுத்தமும் வேலைநிறுத்தமே. அமைதியாகக் கலந்துகொண்டதற்காக மட்டும் வேலையை விட்டு நீக்குவது சரியல்ல என்று பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் சொல்லப்பட்டது கொஞ்சம் ஆறுதல். அதிகாரியின் அறையைச் சுற்றி வளைத்து வெளியே விடாமல் செய்வது வேறு கதை. அது சட்டத்தின் பார்வையில் ஒருவரை முறையின்றி அடைத்துவைக்கும் குற்றம், காவல் நிலையத்தில் முடியும்.

சமரசமும் தீர்ப்பாயமும்

சமரசம் என்றாலே இழுத்தடிப்பு என்று தொழிலாளர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. நிர்வாகத்தின் சார்பில் முடிவெடுக்க அதிகாரமே இல்லாத ஒருவரை அனுப்பி வாய்தா வாங்குவது வழக்கம். ஆனால் சமரசத்தில் தொழிலாளிக்குக் கிடைக்கும் ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. அது நடக்கும்வரை நிர்வாகத்தின் கையும் கட்டப்பட்டிருக்கிறது. தகராறோடு தொடர்புடைய பணி நிபந்தனைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. அந்தத் தகராறோடு தொடர்புடைய ஒழுங்கீனம் என்று சொல்லி, சமரச அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் ஒருவரை நீக்கக் கூடாது. சங்கப் பொறுப்பாளர்களைப் பாதுகாக்கப்பட்ட தொழிலாளிகளாக அங்கீகரிக்க வைத்துவிட்டால் தொடர்பில்லாத குற்றச்சாட்டுக்கும் முன் அனுமதி வேண்டும். மொத்தத் தொழிலாளர்களில் 1 விழுக்காடு, குறைந்தது ஐந்து பேர் என்ற கணக்கில் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். இந்தப் பெயர்ப்பட்டியலை ஆண்டுதோறும் காலத்தில் கொடுக்காத சங்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. பந்தல் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

வேலைநிறுத்த நோட்டீஸ் இல்லாமல் தகராறாக மட்டும் மனுக் கொடுத்தால் சமரசத்துக்கு 45 நாள். நோட்டீஸோடு என்றால் 14 நாள். ஆகவே நோட்டீஸை வேலைநிறுத்தம் செய்வதற்காகவே கொடுக்க வேண்டும் என்றில்லை. பேச்சை விரைவுபடுத்தவும் அது உதவும்.

தீர்ப்பாயத்தின் கதை வேறு. அங்கே வழக்கு ஆண்டுக் கணக்கில் நடக்கும். ஊதிய உயர்வுக்காகத் தீர்ப்பாயம் போன சங்கம், தீர்ப்பு வரும்போது அடுத்த ஒப்பந்தக் காலத்தையும் தாண்டியிருக்கும். அதுவரை வேலைநிறுத்தமும் இல்லை. அதனால் ஊதியப் பிரச்சினையில் சங்கமே முந்திக்கொண்டு தீர்ப்பாயத்துக்குப் போவது தன் கையைத் தானே கட்டிக்கொள்வது. தனி ஒருவரின் வேலைநீக்கம் என்றால் நேர்மாறு. சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்து 45 நாள் கழிந்ததும் நீக்கப்பட்டவர் தாமே தீர்ப்பாயம் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பழைய சட்டத்தில் மூன்றாண்டு இருந்ததை நம்பி யாரும் தூங்கிவிடக் கூடாது.

வேலை நேரத்துக்கு வெளியே

கருப்புப் பட்டை, வாயிற்கூட்டம், கேன்டீன் உணவு மறுப்பு, ஓய்வு நாளில் ஆட்சியர் அலுவலகம் முன் ஆர்ப்பாட்டம். வேலை நிற்காதவரை இவை வேலைநிறுத்தம் ஆகாது, கூலி போகாது. நிர்வாகம் சிவில் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கி, வாயிலிலிருந்து இத்தனை மீட்டருக்குள் கூடக் கூடாது என்று கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டை அளந்து அதற்கு அப்பால் நிற்க வேண்டும். அழுத்தம் குறைவு. ஆனால் சங்கத்துக்குத் தன் பலத்தை எண்ணிப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. கருப்புப் பட்டை அணியச் சொன்னபோது பாதிப் பேர் அணியவில்லை என்றால், அவர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இரண்டாவது வாரம் நிற்க மாட்டார்கள்.

எந்தச் சங்கம் எதை எடுப்பது

ஒப்பந்தக் காலம் முடிந்த, 51 விழுக்காட்டுக்கு மேல் உறுப்பினர் கொண்ட சங்கம் என்றால் என் தேர்வு இது: முடிப்பு நோட்டீஸ், 60 நாள் காத்திருப்பு, அந்த இடைவெளியில் பாதுகாக்கப்பட்ட தொழிலாளர் பட்டியலும் வேலை நேரத்துக்கு வெளியேயான இயக்கங்களும், அதன்பிறகு வேலைநிறுத்த நோட்டீஸ். சமரசத்தில் ஒவ்வோர் அமர்வின் குறிப்பிலும் உங்கள் தரப்பின் கையெழுத்தும் தேதியும் இருக்கட்டும். பின்னால் வழக்கு என்று வந்தால், அது நாள் கணக்கைப் பற்றியதாகத்தான் இருக்கும். தோல்வி அறிக்கை வந்தால் 8-ஆம் நாளே தயாராக இருக்க வேண்டும். நிர்வாகம் அதற்குள் தீர்ப்பாயம் போய்விட்டால், வேலைநிறுத்தத்தை விட்டுவிட்டு அங்கே இடைக்கால நிவாரணம் கேட்பதுதான் அடுத்த வேலை. தடை இருப்பது தெரிந்தே ஆயிரம் பேரை வெளியே கூட்டிவருவது தலைமையின் வீரம், உறுப்பினரின் நஷ்டம்.

சங்கமே இன்னும் காலூன்றாத ஆலையில், பொறுப்பாளர்களைப் பழிவாங்கி நீக்கிவிட்டார்கள் என்றால் கணக்கு மாறும். அங்கே காத்திருப்பதற்கும் விலை உண்டு. ஆறு மாதத்தில் சங்கம் கரைந்துவிடும். அப்போதும் நோட்டீஸ் கொடுத்து 14 நாளைக் கடப்பதை நான் கைவிடச் சொல்ல மாட்டேன். நீக்கம் சங்கம் சேர்ந்ததற்கான தண்டனை என்பதை ஆவணங்களோடு முதல் நாளே சமரச அலுவலரிடம் பதிவு செய்யுங்கள். சட்டவிரோதம் என்று பின்னால் தீர்ப்பானாலும், தண்டனை எவ்வளவு என்று நீதிமன்றம் அளக்கும்போது அந்தப் பதிவு எடைபோடும். சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் வெறுமனே கலந்துகொண்ட எல்லாரையும் ஒரே கோலால் அடித்து நீக்க முடியாது என்று 1979-இல் குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அங்கே எடுத்துக்காட்டலாம். வன்முறை ஒன்று நடந்துவிட்டால் இந்த வாதம் எதுவும் நிற்காது.

காண்ட்ராக்ட் தொழிலாளர்களும் பயிற்சியாளர்களும் வேலைநிறுத்தத்தில் சேர வேண்டுமா என்ற கேள்வி எல்லா ஆலையிலும் வரும். ஆலையை ஓட்ட அவர்களைத்தான் நிர்வாகம் பயன்படுத்தும் என்பதால் அவர்கள் வராமல் வேலைநிறுத்தம் பாதிதான். ஆனால் ஒப்பந்ததாரர் அவர்களுடைய பெயரை அடுத்த நாள் வருகைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டால் அதற்கு எதிராகச் சங்கம் என்ன செய்யப்போகிறது என்று சொல்லாமல் அவர்களை அழைக்கக் கூடாது. அவர்களுக்கான கோரிக்கை பட்டியலில் ஒரு வரியாகவாவது இருக்கிறதா என்று அவர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

வேலைக்குத் திரும்பும் ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உணர்ச்சிப் பெருக்கில் கையெழுத்திடும்போது விட்டுப்போகிறவை நான்கு: பழிவாங்கல் இல்லை என்பதோடு ஏற்கெனவே கொடுத்த குறிப்பாணைகளைத் திரும்பப் பெறுவது, வெளியே இருந்த நாள்கள் பணித்தொடர்ச்சியை அறுக்காது என்ற வரி, எட்டு நாள் சம்பளப் பிடித்தம் இல்லை என்ற வரி, காவல் வழக்குகள். கடைசியானதை நிர்வாகம் தானாக வாபஸ் வாங்க முடியாது. அரசுத் தரப்புதான் வழக்கை நடத்துகிறது. எனவே "வழக்குகள் திரும்பப் பெறப்படும்" என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்கினால் போதாது. தொழிலாளர் துறை அதிகாரிகள் அல்லது அமைச்சர் முன்னிலையில் ஒப்பந்தம் போடும்போதே அரசின் தரப்பிலும் அதை எழுதி வாங்க வேண்டும். பேச்சு நடக்கும் அறையை விட்டு எழுந்துவிட்டால் அதைக் கேட்க இன்னொரு அமர்வு கிடைக்காது.